நியூசிலாந்தின் வசந்தகாலக் கறவை

நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே உள்ள நியூசிலாந்தில் வசந்தம் செப்டம்பரில் பிறக்கிறது எனினும், அந்நாட்டுக் குடும்பப் பால்பண்ணையின் ஆண்டு, பெரும்பாலான பசுக்கள் கன்று ஈனும் ஜூலை இறுதியிலும் ஆகஸ்டிலுமே தொடங்கிவிடுகிறது. பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் ஆதலால், புல் செழிக்கும் நாட்களில் பால் பெருகும்படி, முந்தைய ஆண்டின் இறுதியிலேயே மந்தையைச் சினைப்படுத்துவது மேய்ச்சலையே நம்பிய உழவர்களின் வழக்கமாயிற்று. ஈன்றவுடன் சுரக்கும் கெட்டியான சீம்பால் முதலில் கன்றுக்கு உரியது; ஆலைக்கு அனுப்பும் வழக்கமான பாலோடு கலக்கப்படுவதில்லை.

19ஆம் நூற்றாண்டில் இப்பெருக்கு குடியேறிகளுக்கு எளிதில் பணமாகவில்லை. தாரனாகி வட்டாரத்தில் வீடுகளில் கடைந்த வெண்ணெயைக் கடைக்காரர்கள் பண்டமாற்றாகவே ஏற்றனர். 1882இல் 'டனீடின்' என்னும் பாய்மரக் கப்பல் உறைய வைத்த இறைச்சியோடு சிறிதளவு வெண்ணெயையும் லண்டனில் சேர்த்தபின் ஏற்றுமதிக்கு வழி திறந்தது. காட்டு மரங்களில் முளைத்த காளானைச் சீனாவுக்கு அனுப்புவதற்காக ரொக்கம் கொடுத்து வாங்கி, ஏழைக் குடும்பங்களைத் தாங்கிய சீன வணிகர் சியூ சோங், 1887இல் எல்தாமில் வெண்ணெய் ஆலை நிறுவினார். இத்தொழிலின் வரலாற்றில் அவருக்குரிய இடம் மிகப் பெரியது.

கையால் கறந்த காலத்தில் வசந்தத்தின் சுமை சிறுவர்மீதும் விழுந்தது; விடியுமுன் கறந்துவிட்டுப் பள்ளி சென்ற பிள்ளைகள் வகுப்பில் உறங்கிப்போயினர் என்பது மறக்கத்தகாத செய்தி. 1952இல் வைகாட்டோ உழவர் ரான் ஷார்ப், மீன்முள் போலப் பசுக்கள் இருபுறமும் சாய்வாக நிற்க, நடுப்பள்ளத்தில் கறப்பவர் குனியாமல் வேலை செய்யும் 'ஹெரிங்போன்' கொட்டகையை அமைத்தார். அது இன்றும் அந்நாட்டில் பரவலாகப் பயன்படுகிறது.