நடுகல்: நினைவும் படையலும்

நடுகல் என்பது இறந்தவர் ஒருவரின் நினைவாக நடப்பட்ட கல். போரில் பட்ட வீரனுக்கு எடுக்கப்பட்டதால் வீரக்கல் என்றும் வழங்கும். ஊர்ப்புறத்திலும் வழியோரத்திலும் ஏரிக்கரையிலும் இத்தகைய கற்கள் தமிழகம் முழுவதும் காணப்படுகின்றன. தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களில் இவை மிகுதி.

நடுகல்லைப் போர் வரலாற்றின் சான்றாகவும் எழுத்து வளர்ச்சியின் சான்றாகவும் மட்டும் பார்ப்பது வழக்கம். ஆனால் கல் நடுவதோடு சடங்கு முடிந்துவிடுவதில்லை. நட்ட கல்லை நீராட்டினர், மாலை சூட்டினர், கள்ளும் சோறும் படைத்தனர், பறை முழக்கினர். உறவும் ஊரும் அங்கே கூடின. இறந்தவரை நினைப்பதும் இருப்பவர் கூடி உண்பதும் ஒரே நிகழ்வாக இருந்த பழக்கத்தின் வரலாறே நடுகல்லின் வரலாறு.

தொல்காப்பியம் கூறும் நிலைகள்

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் புறத்திணையியல், கல் நடும் முறையை ஆறு நிலைகளாகக் கூறுகிறது.

காட்சி: தகுந்த கல்லைத் தேடிக் காணுதல்.
கால்கோள்: நாள் பார்த்து அக்கல்லைக் கொள்ளுதல்.
நீர்ப்படை: கல்லை நீராட்டித் தூய்மை செய்தல்.
நடுதல்: உரிய இடத்தில் நாட்டுதல்.
பெரும்படை: நட்ட கல்லுக்குப் பெருஞ்சிறப்புச் செய்து படைத்தல்.
வாழ்த்தல்: இறந்தவரின் புகழைப் பாடுதல்.

இந்த ஆறில் முதல் நான்கும் கல்லைப் பற்றியவை. பின் இரண்டும் கல்லைச் சுற்றிக் கூடிய மக்களைப் பற்றியவை. படையலும் பாட்டும் சேர்ந்தால்தான் நினைவுச் சடங்கு நிறைவு பெறும் என்பது இந்த வரிசையிலிருந்து தெரிகிறது.

சங்கப் பாடல்களில் படையல்

படையல் எப்படி நடந்தது என்பதைச் சங்கப் பாடல்கள் விவரமாகக் காட்டுகின்றன. அகநானூற்றின் 35ஆம் பாடலில் நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டுகிறார்கள். துடி என்னும் பறையை முழக்குகிறார்கள். நெல்லில் காய்ச்சிய தோப்பிக் கள்ளோடு செம்மறிக் கிடாயைப் பலி தருகிறார்கள். 67ஆம் பாடல், வீரரின் பெயரும் பெருமையும் எழுதிய கற்கள் பாதைதோறும் நின்றதைக் கூறுகிறது.

புறநானூற்றின் 329ஆம் பாடல் ஒரு சிற்றூரைக் காட்டுகிறது. சில குடிகளே உள்ள ஊர். வீட்டிலேயே கள் காய்ச்சுபவர்கள். அவர்கள் ஊர்ப்பக்கத்து நடுகல்லை நன்னீராட்டி, நாள்தோறும் பலி ஊட்டி, நெய் விட்டு நறும்புகை எழுப்புகிறார்கள். அந்தப் புகை தெருவெல்லாம் மணக்கிறது. வழிபாடு அங்கே ஆண்டுக்கு ஒருமுறை வருவதாக இல்லை. அன்றாட வாழ்க்கையின் பகுதியாக இருந்தது.

அள்ளூர் நன்முல்லையார் பாடிய 306ஆம் பாடலில் ஒரு பெண் இடைவிடாது நடுகல்லைத் தொழுகிறாள். தன் வீட்டுக்கு விருந்தினர் வர வேண்டும் என்பதும் தன் கணவனுக்குப் பெரும்போர் வாய்க்க வேண்டும் என்பதும் அவள் வேண்டுதல். மறக்குடிப் பெண் போரை வேண்டுவது அக்கால மரபு. அதற்கு முன் விருந்தை வேண்டுவது கவனிக்கத் தக்கது. இறந்தவனிடம் போய், வீடு நிறைய ஆட்கள் வர வேண்டும் என்று கேட்கிறாள். மாங்குடி கிழார் பாடிய 335ஆம் பாடலோ, களிற்றைக் கொன்று வீழ்ந்த வீரரின் கல்லைத் தவிர நெல் தூவி வழிபடும் கடவுள் வேறில்லை என்கிறது.

கையறுநிலை: கூடியிருந்த நாட்களின் நினைவு

இறந்தவரை எண்ணிப் பாடும் துறைக்குக் கையறுநிலை என்று பெயர். செய்வதறியாது கை அற்று நிற்கும் நிலை என்பது பொருள். அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபின் ஔவையார் பாடிய பாடல்கள் இத்துறையில் புகழ்பெற்றவை. அதியமான் தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை ஆண்டவன்.

232ஆம் பாடலில் அவனுக்கு நட்ட கல்லின் முன் ஔவையார் நிற்கிறார். பீலி சூட்டிச் சிறு கலத்தில் வடித்த கள்ளை ஊற்றுகிறார்கள். மலைகள் நிறைந்த நாட்டையே பகைவர் கொடுத்தபோதும் வாங்காதவன் இந்தச் சிறிதளவு கள்ளை ஏற்றுக்கொள்வானா என்று அவர் கேட்கிறார். வழக்கமான சடங்கு அந்த இடத்தில் போதாமல் போகிறது.

235ஆம் பாடல் இன்னும் நெருக்கமானது. இதில் போர் வெற்றிகளின் பட்டியல் இல்லை. கள் கொஞ்சமாகக் கிடைத்தால் எங்களுக்குத் தந்துவிடுவான். நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட, எங்களோடு மகிழ்ந்து குடிப்பான். சோறு சிறிதானாலும் பெரிதானாலும் பலரோடு உண்பான். எலும்போடு கூடிய தசையை எங்களுக்குக் கொடுப்பான். அம்பும் வேலும் வரும் இடத்தில் தானே நிற்பான் என்று ஔவையார் நினைவுகூர்கிறார். ஒவ்வொன்றும் கழிந்துபோயிற்று என்ற குறிப்போடு வருகிறது. அவன் மார்பைத் துளைத்த வேல் பாணரின் பாத்திரத்தையும், இரப்பவர் கைகளையும், புலவர் நாவையும் சென்று தாக்கியதாகப் பாடல் தொடர்கிறது. ஒரு மன்னன் இறந்தபின் நண்பர் நினைத்துப் பார்ப்பது சேர்ந்து உண்ட நாட்களையே.

நட்பும் நடுகல்லும் இணையும் இன்னொரு நிகழ்வு உறையூர்ச் சோழன் கோப்பெருஞ்சோழனுடையது. அவன் வடக்கிருந்து உயிர் துறந்தான். நேரில் பாராமலே நட்புக் கொண்டிருந்த பாண்டிநாட்டுப் புலவர் பிசிராந்தையார் தேடிவந்து உடன் உயிர் விட்டார். புலவர் பொத்தியாரும் உடன் இருக்க விரும்பினார். அவர் மனைவி கருவுற்றிருந்ததால், மகன் பிறந்தபின் வா என்று சோழன் திருப்பி அனுப்பினான். பின்னர் வந்த பொத்தியார் கண்டது கல்லைத்தான். 222ஆம் பாடலில், எனக்குரிய இடம் எது என்று அந்தக் கல்லையே கேட்கிறார். 223ஆம் பாடலில், கல்லான பின்னும் நண்பனுக்கு இடம் தந்தான் என்று சோழனைப் புகழ்கிறார்.

கல்வெட்டுச் சான்றுகள்

இலக்கியம் கூறுவதற்கு நேரடிச் சான்று 2006ஆம் ஆண்டு கிடைத்தது. தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வுக் குழு தமிழி எழுத்துப் பொறித்த மூன்று நடுகற்களைக் கண்டறிந்தது. தமிழகத்தில் கிடைத்துள்ள எழுத்துடைய நடுகற்களுள் மிகப் பழமையானவையாக இவை கருதப்படுகின்றன. அவற்றுள் ஒன்று, கூடலூரில் நடந்த ஆநிரைப் பூசலில் இறந்த தீயன் அந்தவன் என்பவனுக்கு உரியது. ஆகோள் என்ற சொல் அக்கல்லில் உள்ளது. ஆநிரை கவர்தலைக் குறிக்கும் இச்சொல் தொல்காப்பியத்திலும் இடம்பெறுகிறது.

பல்லவர் காலத்திலிருந்து நடுகற்கள் பெருகின. திருவண்ணாமலை மாவட்டச் செங்கம் பகுதியில் கிடைத்தவற்றைத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972இல் 'செங்கம் நடுகற்கள்' என்ற நூலாக வெளியிட்டது. இரா. நாகசாமி அதன் பதிப்பாசிரியர். பெரும்பாலானவை வட்டெழுத்தில் உள்ளன. எந்த அரசனின் எத்தனையாம் ஆண்டு, இறந்தவன் யாருடைய சேவகன், எந்தப் பூசலில் பட்டான் என்று அவை சுருக்கமாகச் சொல்கின்றன. இறந்தவர்கள் பெரும்பாலும் எளிய ஊர்க்காவலர்களும் சேவகர்களும். அரச வரலாற்றில் இடம் பெறாதவர்களின் பெயர்கள் இக்கற்களால்தான் நமக்குக் கிடைத்தன.

அவற்றுள் எடுத்தனூர்க் கல் தனிச்சிறப்புடையது. அது முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எடுக்கப்பட்டது. எருமைகளின் பக்கம் நின்று போரிட்டு இறந்தவன் கருந்தேவக்கத்தி. அவனுடைய நாயின் பெயர் கோவிவன். அது இரண்டு கள்வர்களைக் கடித்துக் காத்து நின்ற செய்தியும் கல்லில் எழுதப்பட்டுள்ளது. வீரனோடு நாயின் உருவமும் செதுக்கப்பட்டிருக்கிறது. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்திலோ சேவல் ஒன்றுக்கே கல் எடுத்திருக்கிறார்கள். சேவற்சண்டை ஊர் கூடி மகிழ்ந்த விளையாட்டு. ஊருக்கு மகிழ்ச்சி தந்த உயிரையும் மறக்கலாகாது என்று அம்மக்கள் நினைத்ததை இந்தக் கல் காட்டுகிறது.

இறந்தவனின் குடும்பத்தைப் பேணுவதும் நினைவின் பகுதியாக இருந்தது. வீரன் குருதி சிந்தியதற்காக அவன் குடும்பத்துக்கு விடப்பட்ட நிலம் நெய்த்தோர்பட்டி, உதிரப்பட்டி எனப்பட்டது. நெய்த்தோர் என்றால் குருதி. படையல் கல்லுக்கு, நிலம் அவன் பிள்ளைகளுக்கு.

பள்ளிப்படையும் பத்தினிக் கல்லும்

அரச குடும்பத்தில் இதே எண்ணம் பள்ளிப்படைக் கோயிலாக வளர்ந்தது. அடக்கம் செய்த இடத்தின்மேல் எழுப்பப்படும் சிவன் கோயில் பள்ளிப்படை எனப்படும். முதலாம் பராந்தகன் தன் தந்தை ஆதித்தனுக்கும், முதலாம் இராசராசன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்கும் இத்தகைய கோயில்களை எடுத்தனர். அரிஞ்சயனின் கோயில் மேல்பாடியில் உள்ளது. முதலாம் இராசேந்திரன் தன் சிற்றன்னை பஞ்சவன்மாதேவிக்கு எடுத்த கோயில் கும்பகோணத்தை அடுத்த பட்டீசுவரம் அருகே இன்றும் நிற்கிறது.

பெண்ணொருத்திக்குக் கல் எடுத்த புகழ்பெற்ற கதை சிலப்பதிகாரத்தில் உள்ளது. சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்காக இமயத்தில் கல் எடுத்துக் கங்கையில் நீராட்டி வஞ்சிக்குக் கொண்டுவருகிறான். வஞ்சிக் காண்டத்தின் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து என்ற காதைப் பெயர்கள் தொல்காப்பிய வரிசையை அப்படியே பின்பற்றுகின்றன. தமிழக, கேரள எல்லையில் உள்ள மங்கலதேவி கண்ணகி கோயிலில் சித்திரைப் பௌர்ணமி அன்று இரு மாநில மக்களும் மலையேறிக் கூடுவது இன்றும் தொடர்கிறது.

இன்றைய வழிபாடு

கல் நடும் வழக்கம் குறைந்தது. படைக்கும் வழக்கம் குறையவில்லை. தென்புலத்தாரை, அதாவது இறந்த முன்னோரைப் பேணுவதை இல்லறத்தானின் கடமைகளில் முதலாவதாகத் திருக்குறள் வைத்தது. ஆடி, புரட்டாசி, தை அமாவாசைகளில் முன்னோருக்குப் படைப்பதும், தீபாவளி, பொங்கல் நாட்களில் புத்தாடையை முதலில் முன்னோர் முன் வைத்துப் பிறகு உடுத்துவதும் பல குடும்பங்களில் உள்ளன. இறந்தவருக்குப் பிடித்த பண்டத்தையே படையலில் வைப்பார்கள். கத்தோலிக்கக் கிறித்தவர்கள் நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாளில் கல்லறைகளைத் துப்புரவாக்கி, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றுகின்றனர். நீராட்டுதலும் மாலை சூட்டுதலும் வேறு வடிவில் அங்கே நிகழ்கின்றன.

நடுகற்களே தெய்வமாகத் தொடரும் ஊர்களும் உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பகுதிகளில் பல நடுகற்கள் வேடியப்பன் என்ற பெயரில் வணங்கப்படுகின்றன. பொங்கல் வைத்து, கிடா வெட்டி, பங்காளிகளும் சம்பந்திகளும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்கிறார்கள். பிழைப்புக்காக வெளியூர் போனவர்களும் அன்று வந்து சேர்கிறார்கள். அகநானூறு கூறும் கிடாய்ப் பலிக்கும் இந்தக் கிடாவெட்டுக்கும் வேறுபாடு அதிகமில்லை.

பெயரும் படையலும் பிரிதல்

நடுகல் மறக்கப்படுவதும் புதிதன்று. அகநானூற்றின் 343ஆம் பாடலில் ஒரு கல் வருகிறது. உப்பு வணிகரின் வண்டி உராய்ந்து அதன் தலை சிதைந்திருக்கிறது, சூட்டிய கண்ணி வாடிவிட்டது, யாரும் நீராட்டுவதில்லை, எழுத்தின் கோடுகள் தேய்ந்ததால் வழிச்செல்வோர் வேறு பொருள் கொள்கிறார்கள். சங்க காலத்திலேயே, உறவினர் வராத கல்லுக்கு நேர்ந்த நிலை இது.

இன்று இரண்டு வகையான இழப்பைக் காணலாம். சில ஊர்களில் படையல் தொடர்கிறது. கல்லில் உள்ள வட்டெழுத்தைப் படிக்க ஆள் இல்லாததால் இறந்தவன் யார் என்பது மறந்துபோனது. பெயருள்ள மனிதன் பொதுப்பெயர் கொண்ட தெய்வமாகிவிட்டான். வேறு சில கற்களின் எழுத்து படிக்கப்பட்டு, பெயர் நூலில் ஏறி, கல் அருங்காட்சியகத்துக்கு வந்துவிட்டது. அதற்குப் பூ வைக்க யாரும் இல்லை. முதலாவதில் உறவு இருக்கிறது, பெயர் இல்லை. இரண்டாவதில் பெயர் இருக்கிறது, உறவு இல்லை. சாலை அகலப்படுத்தும்போதும் நிலம் திருத்தும்போதும் புதைந்தும் உடைந்தும் போகும் கற்களுக்கு இரண்டுமே இல்லை.

இந்த இரண்டையும் சேர்ப்பது கடினமான செயலன்று. கல்லை இடம் பெயர்க்காமல், அதன் எழுத்தைப் படித்து, இன்றைய எழுத்தில் ஒரு பலகையில் எழுதி அருகே நிறுத்தினால் போதும். திருவிழாவுக்குக் கூடும் சிறுவர்கள் வேடியப்பனைக் கும்பிடும்போதே, அவன் எந்த ஊருக்காக, எந்த மாட்டு மந்தைக்காக இறந்தான் என்றும் அறிந்துகொள்வார்கள். புதிய கல்லைக் கண்டால் எண்ணெய் தடவியோ சுண்ணாம்பு பூசியோ எழுத்தை மறைக்காமல், படம் எடுத்துத் தொல்லியல் துறைக்கோ அருகிலுள்ள அரசு அருங்காட்சியகத்துக்கோ தெரிவிப்பது மாணவர்கள் எளிதில் செய்யக்கூடிய பணி. தொல்காப்பியம் கூறிய பெரும்படையை ஊர்கள் விடவில்லை. வாழ்த்தலுக்கு மட்டும் இறந்தவரின் பெயர் வேண்டும்.