சிந்தாமணியும் திருத்தொண்டர் புராணமும்

நூலின் நயமும் அஃது உணர்த்தும் ஒழுக்கமும் ஒருங்கே மதிக்கத்தக்கனவோ, தனித்தனியே மதிக்கத்தக்கனவோ என்னும் வினா, சைவ வரலாற்றில் அநபாயச் சோழன் அவைக்கண் எழுந்தது. அவன் 1133 முதல் 1150 வரை ஆண்ட இரண்டாங் குலோத்துங்கன் என்பர் ஆராய்ச்சியாளர். சமண முனிவராகிய திருத்தக்கதேவர் இயற்றிய சீவகசிந்தாமணியை அவன் மெய்யெனக் கொண்டு பாராட்டியதும், அமைச்சராகிய சேக்கிழார் அதனை விலக்கித் திருத்தொண்டர் வரலாற்றை எடுத்துரைத்ததும், உமாபதி சிவாசாரியர் பெயரான் வழங்கும் சேக்கிழார் புராணத்தாற் பெறப்படும்.

இதுகொண்டு, இன்பச்சுவை மிக்க நூலெல்லாம் சைவர்க்கு ஆகா என்பாரும் உளர். அது பொருந்தாது. காதற்சுவையே குற்றமாயின், ஆரூரில் நம்பியாரூரர் பரவையாரைக் கண்டு காதல் கொண்டமையைச் சேக்கிழார் அத்துணை விரித்துப் பாடியிரார். சிந்தாமணியும், பல மணங்களைக் கூறுதலின் மணநூல் எனப் பெயர் பெற்றதாயினும், முத்தியிலம்பகத்திற் சீவகன் துறவு கூறியே முடிகின்றது. துறவியொருவர் இன்பச்சுவை பாடியது எங்ஙனமென ஐயுற்றார்க்குத் தேவர் பழுக்கக் காய்ச்சிய இரும்பினை ஏந்தித் தம் தூய்மையை நிறுவினார் என்னும் செவிவழிச் செய்தியும் உண்டு. ஆக, பாடுவோன் ஒழுக்கத்தையும் பாட்டின் சுவையையும் இயைத்து நோக்கும் வழக்கம் அச்சமயத்தார்பாலும் இருந்ததென்க.

அங்ஙனமாயின், சேக்கிழார் விலக்கியது யாதோ எனின், கவிநயத்தையன்று; அந்நயத்தில் ஈடுபட்டு நூற்கொள்கையையும் மெய்யென அரசன் துணிந்த துணிவையே என்க. சொல்லழகு பொருளின் மெய்ம்மைக்குச் சான்றாகாது. அவ்வாறே, பொருள் மெய்யாதல் பற்றி அழகற்ற பாட்டுச் சிறந்த பாட்டாகிவிடாது. அதனாலன்றோ சேக்கிழார் கடிந்துரைத்த அளவில் நில்லாது தில்லை சென்று காப்பியம் இயற்றினார்? சிந்தாமணி 13 இலம்பகம் உடையது. திருத்தொண்டர் புராணமும் 13 சருக்கம் உடையது. அரசன் நெஞ்சை ஈர்த்தது ஒரு காப்பியமாதலின், அதனை மீட்டற்கும் காப்பியமே வேண்டப்பட்டது.

பின்வந்த சான்றோரும் இவ்வேறுபாட்டை உணர்ந்தே ஒழுகினர். மதுரை அந்தணரும் சைவருமாகிய நச்சினார்க்கினியர் சிந்தாமணிக்கு உரை வகுத்தார். திருவாவடுதுறை ஆதீனத்திற் பயின்ற உ. வே. சாமிநாதையர், கும்பகோணத்துச் சமணரை அடுத்து அவர்தம் சமயக் கருத்துக்களைக் கேட்டறிந்து, அந்நூலை உரையோடு 1887-இல் அச்சேற்றினார். இருவரும் சிந்தாமணியைப் போற்றினர். ஆயினும் சைவநெறியிற் பிறழ்ந்தாரல்லர்.

ஆதலின், தமிழ்நயம் வேண்டிச் சிந்தாமணியைப் பயிலுதல் சைவ மாணாக்கர்க்கு இழுக்காகாது. பயிலுங்கால், சுவைத்தலும் துணிதலும் வெவ்வேறென்பதனை மறவாமையே வேண்டும். சுவைத்த நெஞ்சிற்குத் துணியத்தக்க பொருளையும் உடனளித்த பெருமை சேக்கிழார் பெருமானுக்கே உரியது.