நீரும் காற்றும் மிதிவண்டியும்: ஐசர்ச் சமவெளியின் வரலாறு

மிதிவண்டிப் பந்தயங்களின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் மலைகளுக்கே முதலிடம் தந்துள்ளனர். ஆல்ப்ஸ், பிரனீஸ் மலைத்தொடர்களின் கணவாய்களில் வென்றோரும் தோற்றோரும் நூல்களில் நிறைந்திருக்கின்றனர். ஏற்றமும் இறக்கமும் அற்ற கடற்கரைச் சமவெளிகளோ, ஒரு நகரத்திலிருந்து மற்றொரு நகரத்திற்குச் செல்லும் வெறும் வழிகளாகவே கருதப்பட்டன. பெல்ஜியத்தின் மேற்கு மூலையில் ஐசர் ஆறு கடலில் கலக்கும் தாழ்நிலத்தின் வரலாற்றை அறிந்தோர் இக்கருத்தை ஏற்கமாட்டார். அங்கே மேடு என்று சொல்லத்தக்கவை மனிதர் எழுப்பிய கரைகளே. அக்கரைகளின் மீதும் அவற்றின் ஓரத்திலும் அமைந்த சாலைகளில்தான் மிதிவண்டியாளர்கள் காற்றோடு போராடுகின்றனர்.

நீரிடமிருந்து பெற்ற நிலம்

பெல்ஜியத்தின் கடற்கரை ஏறத்தாழ 65 கிலோமீட்டர் நீளமே உடையது. மணற்குன்றுகளை அடுத்து உட்புறம் பரந்துள்ள நிலம் ஒருகாலத்தில் கடல்நீர் ஏறி இறங்கிய சதுப்பாகும். இடைக்காலம் முதல் உழவர்கள் கரை கட்டியும் வாய்க்கால் வெட்டியும் அதனை விளைநிலமாக்கினர். கரைகளையும் மதகுகளையும் பேணுவதற்கு நிலவுடைமையாளர் கூட்டமைப்புகள் தோன்றின. அவரவர் நிலத்தின் அளவுக்கேற்பச் செலவைப் பகிர்ந்துகொள்வது அவற்றின் நெறி. ஒருவன் தன் கரையைக் கவனியாது விட்டால் அண்டை நிலத்தானும் மூழ்குவான் என்பதால், பகைவரும் இவ்வொன்றில் கூடி உழைத்தனர்.

இந்நிலப்பரப்பின் மிகத் தாழ்ந்த பகுதி தெ மூரன் எனப்படும். அப்பெயருக்கே சதுப்பு என்பதுதான் பொருள். பெல்ஜியத்திலும் பிரான்சிலுமாகப் பரந்து கிடக்கும் இந்நிலத்தை வென்செல் கோபெர்கர் என்னும் ஓவியரும் கட்டடக் கலைஞருமான அறிஞர் 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் காற்றாலைகளைக் கொண்டு நீரிறைத்து வறளச் செய்தார். அவ்வெற்றி நீடிக்கவில்லை. 1646இல் டன்கிர்க் நகர முற்றுகையின்போது படைத்தேவைக்காக நிலம் மீண்டும் நீரில் ஆழ்த்தப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில்தான் அது முழுமையாக மீட்கப்பட்டது.

நீர் வடித்தோர் அளவுகோலால் கோடிழுத்ததைப் போல வாய்க்கால்களை வெட்டினர். சாலைகள் அவற்றையொட்டி அமைந்தன. ஆதலின் அவை நேரானவை, குறுகலானவை, இருமருங்கும் நீரோடைகளை உடையவை, பல இடங்களில் மரநிழலும் அற்றவை. பந்தய வரலாற்றை விளக்குவதற்கு இவ்வமைப்பு இன்றியமையாதது.

விசிறி அமைப்பு

சமதரையில் விரைந்து செல்லும் மிதிவண்டியாளனுக்குப் பெருந்தடை காற்றே. அசையாக் காற்றிலும் வேகம் இரு மடங்கானால் காற்றெதிர்ப்பை வெல்லத் தேவையான ஆற்றல் எட்டு மடங்காகும். எனவே முன்செல்வோன் முதுகுக்குப் பின் ஒதுங்கிச் செல்வது இவ்விளையாட்டின் அடிப்படைப் பாடம். காற்று எதிரே வீசினால் ஒதுங்குமிடம் நேர் பின்னால் கிடைக்கும். பக்கவாட்டில் வீசினால் அது சாய்ந்து விலகும். இடப்புறமிருந்து காற்று வீசும்போது முதல்வன் சாலையின் இடது ஓரத்தில் செல்ல, அடுத்தவர் ஒவ்வொருவரும் சற்றுப் பின்னும் சற்று வலமுமாக நின்று சாய்ந்த வரிசை அமைப்பர். முதல்வன் களைப்புறுமுன் விலகிப் பின்வரிசை சேர, அடுத்தவன் காற்றை ஏற்பான். பிளமிய மொழியில் இவ்வணிவகுப்பிற்கு விசிறி என்னும் பொருள்படும் சொல்லே வழங்குகிறது.

விசிறியின் அகலம் சாலையின் அகலத்தை மீற முடியாது. குறுகிய சதுப்புநிலச் சாலையில் பத்துப் பதினைந்து பேருக்கே அதில் இடமுண்டு. எஞ்சியோர் மறுஓரத்தில், நீரோடையின் விளிம்பில், ஒதுங்க இடமின்றி ஒற்றை வரிசையில் தத்தளிப்பர். அவர்களுள் ஒருவன் பின்தங்கினால் அவனுக்குப் பின்னுள்ள அனைவரும் அறுந்துபோவர். அவர்களுக்குள்ள ஒரே வழி தமக்குள் இரண்டாம் விசிறி அமைத்தலாகும். வெவ்வேறு அணியினர், சற்றுமுன் போட்டியிட்டோர், முறைவைத்துக் காற்றை ஏற்றாலன்றி ஒருவரும் கரைசேரார். கரை காத்த உழவர் கூட்டமைப்பின் நெறியே சாலையில் வேறுருவில் தொடர்கிறது எனல் மிகையாகாது.

1914: நீருக்குத் திரும்பிய நிலம்

1913இல் தொடங்கிய பிளாண்டர்ஸ் சுற்றுப் பந்தயம் தன் முதலாண்டிலேயே இக்கடலோரப் பகுதியை எட்டியது. அதற்கு அடுத்த ஆண்டில் போர் மூண்டது. பெல்ஜியப் படையில் மிதிவண்டி வீரர்கள் தனிப்பிரிவாகவே இருந்தனர். 1914 ஆகஸ்ட் 12இல் ஹாலன் என்னுமிடத்தில் ஜெர்மானியக் குதிரைப்படையைத் தடுத்ததில் அவர்களுக்கும் பங்குண்டு. ஆயினும் படை பின்வாங்கி ஐசர்க் கரையை அடைந்தபோது எஞ்சிய நாடு மிகச் சிறிது.

அக்டோபர் இறுதியில் நியூபோர்ட் நகர மதகுகளைத் திறப்பதென முடிவாயிற்று. நீர்நிலைகளின் இயல்பறிந்த கார்ல் கோகே அறிவுரை தந்தார். படகோட்டியான ஹெண்ட்ரிக் கீரார்ட் மதகுகளை இயக்கத் துணைநின்றார். கடல் ஏறும்போது திறந்தும் இறங்குமுன் மூடியும் இரவு தோறும் நீர் உள்ளே விடப்பட்டது. நியூபோர்ட்டுக்கும் டிக்ஸ்மாய்டே நகருக்கும் இடையே செல்லும் இருப்புப்பாதையின் மேட்டுக்கரை அதன் மேற்கெல்லையாயிற்று. கரைக்குக் கிழக்கே பரந்த நீர் ஜெர்மானியரின் முன்னேற்றத்தைத் தடுத்தது. முன்னோர் நூற்றாண்டுகளாக உழைத்து மீட்ட வயல்கள் நான்கு ஆண்டுகள் உப்புநீரில் கிடந்தன. நாட்டைக் காக்க நிலத்தைக் கொடுத்தனர். அதன் விலையைச் செலுத்தியோர் அந்நிலத்து உழவர்.

போருக்குப் பின்

போர் ஓய்ந்து ஆறு மாதம் நிறையுமுன், 1919 ஏப்ரல் இறுதியில், பாரிஸ் நாளிதழான லெ பெத்தி ஜூர்னால் போர்க்களச் சுற்றுப் பந்தயத்தை நடத்தியது. ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் தொடங்கி அங்கேயே முடிந்த அதில் ஏழு கட்டங்கள். பிரசெல்ஸ் நகரிலிருந்து ஈப்பர் வழியாக அமியன் செல்லும் மூன்றாம் கட்டம் 300 கிலோமீட்டருக்கு மேற்பட்டது. குண்டுகள் கிழித்த சாலையிலும் கொடுங்காற்றிலும் அதனை வென்ற சார்ல் தெருய்தர் 18 மணி நேரத்திற்கு மேல் வண்டியோட்டினார். 1907, 1908ஆம் ஆண்டுகளில் பிரான்சுச் சுற்றை வென்ற லூசியன் பெத்தி-பிரெத்தோன், 1909இல் வென்ற பிரான்சுவா ஃபாபர், 1910இல் வென்ற ஒக்தாவ் லப்பீஸ் ஆகிய மூவரும் போர்க்காலத்தில் படைப்பணியில் இறந்திருந்தனர். இதழ் விற்பனைக்காக நடந்த அப்பந்தயத்தை நினைவஞ்சலி என்று முழுமையாக ஏற்பதற்கில்லை. அதில் ஓடியோரின் துயரம் மட்டும் மெய்யானது.

1934இல் கென்ட்–வேவல்கம் பந்தயம் பிறந்தது. அதன் பாதை அண்மைக் காலத்தில் தெ மூரன் வெளியையும் கடந்தது. 2015 மார்ச் 29இல் நடந்த போட்டியில் புயற்காற்று வீரர்களை வண்டியோடு தூக்கிச் சாலையோரத்தில் எறிந்தது. கெரைன்ட் தாமஸ் பள்ளத்தில் விழுந்தெழுந்து மூன்றாவதாக வந்தார். லூக்கா பவுலினி வென்றார். முடித்தோர் 39 பேர் மட்டுமே. நிறுத்தியிருக்க வேண்டுமா என்னும் வினா அன்றே எழுந்தது. கடும் வானிலைக்கான நெறிமுறை 2016 முதல் பன்னாட்டளவில் நடைமுறைக்கு வந்தது. காற்றின் கொடுமையைக் கண்டு களிப்பது பார்வையாளர்க்கு எளிது. அதனைத் தாங்குவோர் உயிருள்ள மனிதர் என்பதை விதி நினைவூட்ட வேண்டியிருந்தது.

பெயரின் பொறுப்பு

இப்பந்தயம் ‘இன் ஃபிளாண்டர்ஸ் ஃபீல்ட்ஸ்’ என்னும் பெயரையும் சூடியது. அது கனடிய மருத்துவர் ஜான் மெக்ரே 1915 மே மாதத்தில் ஈப்பர் அருகே, நண்பர் ஒருவரின் மறைவையடுத்து எழுதிய கவிதையின் பெயராகும். அவரும் 1918 ஜனவரியில், போர் முடியுமுன் இறந்தார். கையறுநிலைப் பாட்டின் பெயரை விளையாட்டுக்குச் சூட்டலாமா? நெய்தலுக்கு இரங்கலை உரிப்பொருளாக வகுத்த மரபில் வந்தோர்க்கு இவ்வினா அயலானதன்று. இடத்தை மறந்துவிட்டுப் பெயரை மட்டும் எடுத்தால் அது விளம்பரமே. மாறாக, அந்தக் காற்றும் குறுகிய சாலையும் ஓரத்து நீரும் ஏன் அங்கிருக்கின்றன என்று ஒருவனையேனும் கேட்கச் செய்தால் பெயர் தன் கடனை ஆற்றியதாகும்.

1914இல் நீரைத் தாங்கிய இருப்புப்பாதையில் இன்று வண்டித்தொடர் ஓடவில்லை. தண்டவாளங்கள் அகற்றப்பட்ட அம்மேட்டின்மீது மிதிவண்டிப் பாதை அமைந்துள்ளது. போர்முனைக் கரை எனப் பொருள்படும் பெயரால் அது வழங்குகிறது. அதில் செல்வோர்க்கு ஒருபுறம் அன்று காக்கப்பட்ட வயல்களும் மறுபுறம் அன்று மூழ்கிய வயல்களும் தெரிகின்றன. இருபுறமும் இப்போது ஒரே நிறத்தில்தான் விளைகின்றன.