உடைமையும் நிர்வாகமும்: தாஜ் ஹோட்டல் ஸ்தாபனத்தின் வளர்ச்சி பற்றிய ஓர் ஆராய்ச்சி

ஒரு ஹோட்டல் ஸ்தாபனம் வளர்ந்துவிட்டது என்று கேள்விப்படும்போது, அதற்குச் சொந்தமான கட்டடங்கள் பெருகிவிட்டன என்றே நாம் சாதாரணமாகப் பொருள் கொள்கிறோம். ஆலைத் தொழிலுக்கு ஓரளவு ஏற்கும் இந்த அளவுகோல், விருந்தினரை உபசரித்து வாழும் தொழிலுக்கு ஏலாது என்பதும், அத்தொழிலின் மெய்யான மூலதனம் பயிற்சி பெற்ற மனிதரின் திறமையே என்பதும் இக்கட்டுரையின் துணிபு. தாஜ் ஹோட்டல்களை நடத்திவரும் இந்தியன் ஹோட்டல்ஸ் கம்பெனியின் சரித்திரம் இதற்குத் தக்க சான்றாகும்.

ஜாம்ஷெட்ஜி டாட்டா தோற்றுவித்த இக்கம்பெனி, 1903 டிசம்பர் 16-ஆம் நாள், பம்பாய் அப்போலோ பந்தர்க் கரையில், மின்விளக்குகளோடு கூடிய தாஜ்மகால் ஹோட்டலைத் திறந்தது; இன்று அதன் எதிரே நிற்கும் ‘கேட்வே ஆப் இந்தியா’ என்னும் வளைவு 1924-இல்தான் திறக்கப்பட்டது. மாளிகை திறந்த சில மாதங்களில், 1904-இல், அதன் கர்த்தா காலமானார். முதல் உலக யுத்தத்தின்போது 600 படுக்கைகள் கொண்ட ஆஸ்பத்திரியாகவும் பயன்பட்ட இந்த ஹோட்டல் பெரும் கீர்த்தி பெற்றதாயினும், ஸ்தாபனத்தின் புகழ் ஏறக்குறைய எழுபது ஆண்டுக் காலம் பம்பாய்க் கரையோடு நின்றது. சொந்த முதலைக் கல்லிலும் மரத்திலும் இட்டு இத்தகைய மாளிகைகளை ஊர்தோறும் எழுப்புவது எத்துணைச் செல்வருக்கும் எளிதன்று என்பதை இவ்வரலாறே உணர்த்துகிறது.

1971-இல் நிலைமை மாறிற்று. அவ்வாண்டு அரசியல் சட்டத்தின் 26-ஆம் திருத்தத்தால் சமஸ்தான மன்னர்களின் மானியம் நின்றுபோக, பெரிய அரண்மனைகளைப் பராமரிக்கும் வழியின்றி அவர்களிற் பலர் கவலையுற்றிருந்த வேளையில், உதயப்பூர் மகாராணா முன்னரே ஹோட்டலாக்கியிருந்த ஏரி அரண்மனையின் நிர்வாகத்தைத் தாஜ் ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டு ஜெயப்பூர் ராம்பாக் அரண்மனையும் அவ்வாறே வந்து சேர்ந்தது. கட்டடம் ஒருவருடையது, அதை நடத்தும் திறமை மற்றொருவருடையது என்னும் பிரிவினை இவ்வாறு வேரூன்றியது. 1974-இல் திறந்த சென்னைத் தாஜ் கோரமண்டலும், கோவளத்து ஃபிஷர்மென்ஸ் கோவும் ஓரியண்டல் ஹோட்டல்ஸ் என்னும் தனிக் கம்பெனியின் உடைமையாயிருந்தும் தாஜ் என்னும் பெயராலேயே வழங்குவது, அதே பிரிவினை தமிழ்நாட்டிலும் நிலைபெற்றதற்கு அத்தாட்சி.

இம்முறையின் பொருளாதார நியாயம் தெளிவானது. இன்றிரவு காலியாய்க் கிடந்த அறையை நாளைக்கு விற்க முடியாது. ஆனால் விருந்தினர் வந்தாலும் வராவிட்டாலும் வட்டியும் வரியும் பராமரிப்பும் நிற்பதில்லை. உடைமையாளன் இப்பாரத்தைச் சுமக்க, நிர்வாகஸ்தன் வருவாயில் ஒரு விகிதத்தையும் லாபத்தில் ஒரு பங்கையும் ஊதியமாகப் பெறுகிறான். ஆதலின் குறைந்த முதலைக் கொண்டே அவன் பல ஊர்களுக்கு விரிந்து செல்ல முடிகிறது. இதற்கு மாறாக, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் விலை கொடுத்து வாங்கிய ஹோட்டலைச் சுமார் பத்தாண்டுகளில், 2016-இல், தாஜ் விற்க நேர்ந்தது.

உடைமையில்லாதவனுக்கு உறுதி ஏது என்று கேட்பார் உளர். அது தள்ளத்தக்க ஆட்சேபமன்று. டெல்லி மான்சிங் சாலையில் 1978 முதல் தாஜ் நடத்திவந்த ஹோட்டல் நகராட்சி மன்றத்தின் சொத்தாகையால், ஒப்பந்தக் காலம் முடிந்தபின் வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை சென்று, 2018-இல் ஏலத்தில் போட்டியிட்டே அதனைத் தக்கவைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. எனினும், ஏலத்தில் அதிகத் தொகைக்கு இசையும் துணிவு அந்த ஸ்தாபனத்துக்கு எங்கிருந்து வந்தது என்று ஆராய்ந்தால், அச்சுவர்களுக்குள் அதே தரத்தை மீண்டும் அளிக்க வல்ல மனிதர் தன்னிடம் இருக்கிறார்கள் என்ற நம்பிக்கையிலிருந்தே என்று கூறத் தோன்றுகிறது.

அம்மனிதரின் தன்மை 2008 நவம்பர் 26-ஆம் நாள் பம்பாயில் வெளிப்பட்டது. பயங்கரவாதிகள் புகுந்த மாளிகையில், வெளியேறும் வழி அறிந்திருந்தும் விருந்தினரை விட்டு அகலாத ஊழியர் பலர் உயிர் துறந்தனர். இத்தியாகம் சம்பளத்துக்கும் கட்டளைக்கும் அப்பாற்பட்டது. நெடுநாட் பயிற்சியாலும் பரஸ்பர மரியாதையாலும் விளையும் விசுவாசத்தையே இது காட்டுகிறது. சேதமுற்ற பழைய மாளிகையைச் செப்பனிட்டு 2010 ஆகஸ்டு 15-இல் திறக்க முடிந்தது. ஆனால் அத்தகைய ஊழியர் மரபு ஒருமுறை சிதைந்தால், அதை மீண்டும் கட்ட எந்தச் சிற்பியாலும் இயலாது.

ஆகவே, இத்தகைய ஸ்தாபனங்களை ஆராய்வோர் அறைகளின் தொகையோடு நின்றுவிடாமல், புதிய ஹோட்டல்கள் திறக்கப்படும் வேகத்துக்கு ஈடாகப் பயிற்சியும் வளர்கிறதா என்று வினவுதல் வேண்டும். குறைந்த செலவில் தங்கும் பிரயாணிகளுக்கென 2004-இல் பெங்களூரில் தொடங்கி, பின்னர் ஜிஞ்சர் என்று பெயரிட்ட ஹோட்டல்களைத் தாஜ் என்னும் பெயரோடு கலவாமல் தனியே வைத்த விவேகம், பெயர் பயிற்சியை மிஞ்சி விரியலாகாது என்னும் வரம்பை அந்த ஸ்தாபனமே உணர்ந்திருப்பதற்கு அறிகுறியாகும். பிறர் கட்டடத்தில் தன் பெயரை எழுதும் உரிமையை ஒப்பந்தம் அளிக்கும். அப்பெயருக்குரிய உபசாரத்தை, தன்னிடம் பணியாற்றுவோரை மதித்து வளர்க்கும் நிர்வாகமே அளிக்கும்.