எல்லையில் ஓர் ஊர்: சத்தியவேடும் நகர வளர்ச்சியும்

மக்கள் பலர் கூடி வாழ்வதனால் மட்டும் ஓர் ஊர் நகரம் ஆகிவிடுவதில்லை. இந்தியக் குடிமதிப்புத் துறையார் 1961ஆம் ஆண்டு முதல் கொண்டுள்ள இலக்கணத்தின்படி, 5,000 பேருக்குக் குறையாத மக்களும் நெருங்கிய குடியிருப்பும் இருப்பதோடு, உழைக்கும் ஆடவருள் நூற்றுக்கு 75 பேரேனும் உழவல்லாத தொழிலில் ஈடுபட்டிருத்தல் வேண்டும். உழவை விட்டு மக்கள் பிற தொழிலுக்கு மாறுவது எதனால்? இவ்வினாவுக்கு விடை காண, ஆந்திர எல்லையிலுள்ள சத்தியவேட்டை நாம் எடுத்துக்கொள்வோம்.

ஊரின் வளர்ச்சியை ஆராய்வோர் இரண்டினை நோக்குவர். ஒன்று, ஊர் அமைந்த நிலம். மற்றொன்று, சுற்றுப்புறத்தோடு அதற்குள்ள தொடர்பு. சென்னையின் நிலம் இயற்கைத் துறைமுகமற்ற மணற்கரை. ஆயினும் துணி நெய்யும் ஊர்கள் அருகே இருந்தமையால் ஆங்கில வணிகர் அதனை விரும்பினர். 1639ஆம் ஆண்டு அவர்களுக்கு அங்கே இடம் அளித்த தாமர்ல நாயக்கர், சந்திரகிரியிலிருந்து ஆண்ட விசயநகர மன்னருக்கு உட்பட்டவர். அச்சந்திரகிரி இன்று, சத்தியவேட்டைப் போலவே, திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. நிலம் குறையுடையதாயினும் தொடர்பு வலிதாயின் நகரம் எழும் என்பதற்குச் சென்னையே சான்று.

வால்டர் கிறிஸ்டாலர் என்னும் செருமானிய அறிஞர் 1933ஆம் ஆண்டில் மற்றொரு கருத்தை விளக்கினார். உப்புக்கும் துணிக்கும் அருகிலுள்ள சிற்றூரை நாடுவோர், அரிய பொருளுக்குத் தொலைவிலுள்ள பேரூரை நாடுவர். இவ்வாறு ஊர்கள் படிப்படியாக அமைகின்றன என்பது அவர் கொள்கை. சந்தை, போக்குவரத்து, ஆட்சி என்னும் மூன்றும் ஊர்களை வெவ்வேறு வகையில் ஒழுங்குபடுத்தும் என்றும் அவர் கூறினார். சத்தியவேட்டில் இம்மூன்றும் ஒன்றோடொன்று மாறுபட்டு நின்றதை நாம் காணலாம்.

இருப்புப்பாதை இவ்வூரைத் தொடாமல் கிழக்கே தடா வழியாகச் சென்றது. ஆயினும் கவரைப்பேட்டையிலிருந்தும் ஊத்துக்கோட்டையிலிருந்தும் சாலைகள் இங்கு வந்து சேர்கின்றன. அவற்றின் வழியே இவ்வூரார் நாடும் பெரிய சந்தை சென்னையே. ஆட்சியின் போக்கோ வேறாயிற்று. 1953ஆம் ஆண்டு ஆந்திர மாநிலம் பிறந்தபின் வடவெல்லைப் பூசல் வலுத்தது. ம. பொ. சிவஞானம் அவர்கள் தலைமையில் தமிழர் போராடினர். பட்டாஸ்கர் அவர்களின் சமரசத்தை ஒட்டி 1959ஆம் ஆண்டு சட்டம் இயற்றப்பட்டது. 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. செங்கற்பட்டு மாவட்டத்தின் பொன்னேரி, திருவள்ளூர் தாலுகாக்களைச் சேர்ந்த ஊர்கள் சிலவற்றோடு சத்தியவேடு ஆந்திரத்தைச் சேர்ந்தது.

நாம் ஊரை விட்டுப் பெயர்ந்து வேற்று மாநிலத்தில் வாழ்கின்றோம். இங்குள்ள தமிழரோ ஓரடியும் பெயராமல் வேற்று மாநிலத்தார் ஆயினர். வழக்குக்கும் வரிக்கும் சித்தூரை நோக்கினர். வாணிகத்துக்கு முன்போலவே சென்னையை நோக்கினர். எல்லைக்கோடு அலுவலகத்தை மாற்றியது. சந்தைக்குச் செல்லும் வழியை மாற்றவில்லை. எனினும் எல்லை இவ்வூருக்கு ஒரு நன்மையும் செய்தது. பழைய மாவட்டத்தின் ஓரத்தில் கிடந்த ஊர் தாலுகாத் தலைமையூராயிற்று. அலுவலகம் வந்தால் மனு எழுதுவோரும் உணவு விடுதியும் கடைகளும் தொடர்ந்து வருவது இயல்பு.

அடுத்த மாற்றம் 2008ஆம் ஆண்டில் தொடங்கியது. சத்தியவேடு, வரதையபாளையம் மண்டலங்களில், சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டி, ஸ்ரீசிட்டி என்னும் தொழில் நகரம் எழுந்தது. சென்னையின் துறைமுகமும் தொழில் திறனும் அருகில் உள்ளன. ஆந்திர அரசின் ஆதரவும் உண்டு. இரண்டையும் ஒருங்கே பெற எல்லையோரமே ஏற்ற இடமாயிற்று. 2016ஆம் ஆண்டில் இசுசூ நிறுவனத்தின் மோட்டார் வண்டித் தொழிற்சாலை அங்கே திறக்கப்பட்டது. முன்பு ஊரைப் பிரித்த கோடே பின்னர்த் தொழிலை ஈர்த்தது.

ஆனால் தொழிற்சாலைகளின் தொகுதி மட்டும் நகரம் ஆகுமா? பெங்களூரில் 1809ஆம் ஆண்டு நிறுவப்பட்ட கண்டோன்மெண்டை நினைத்துப் பார்ப்போம். தமிழர் பெருந்தொகையாகக் குடியேறிய அப்பகுதி, பழைய பேட்டையின் அருகே தனி ஊராகவே நெடுநாள் இருந்தது. இரண்டும் ஒரே மாநகராட்சியாக இணைந்தது 1949ஆம் ஆண்டில்தான். பழைய ஊரும் புதிய ஊரும் அருகருகே இருந்தும் நகராட்சியில் ஒன்றாக நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

சத்தியவேட்டின் முன்னும் இதுவே கேள்வி. காலையில் பேருந்தில் வந்து மாலையில் திரும்பும் தொழிலாளர் அங்கேயே குடியிருக்கவும், தம் மக்களைப் படிக்க வைக்கவும் வசதி பெற்றால் புதிய நகரம் வேரூன்றும். பழைய ஊர் அதன் கடைவீதியாகவும் கல்விக்கூடமாகவும் வளரும். இல்லையேல் நிலத்தை இழந்தது ஓர் ஊர், பயனைப் பெற்றது வேறோர் ஊர் என்ற நிலையே எஞ்சும். 1956ஆம் ஆண்டு அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 350அ பிரிவு, மொழிச் சிறுபான்மையோரின் குழந்தைகள் தாய்மொழியில் தொடக்கக் கல்வி பெறப் போதிய வசதி செய்தல் வேண்டும் என்கின்றது. அதன் அருமையை வேற்று மாநிலத்தில் வாழும் நாம் நன்கு அறிவோம். சத்தியவேடு 2022ஆம் ஆண்டு முதல் புதிய திருப்பதி மாவட்டத்தில் இருக்கின்றது. ஆட்சி எல்லைகள் இன்னும் மாறலாம். வந்து குடியேறுவோரையும் வழிவழி வாழ்வோரையும் ஒருங்கே தாங்கும் ஊரே நகரமாக நிலைபெறும்.