பேக் ஆடப் போன பையன்

தோட்டத்துச் சுவடுகள் – 11

சென்ற வாரம் தென்னமரம் தோட்டத்தோடு நிறுத்தியிருந்தோம். ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1905இல் மலாயாவுக்கு வந்தார். கோலசிலாங்கூர் பக்கம் ரந்தாவ் பாஞ்சாங்கில் ரப்பர் போட்டார், 1911இல் அங்கேயே செம்பனை விதையும் ஊன்றினார். 1917இல் தென்னமரத்தில் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் எழுந்தது. அதே மனிதர் பிறகு மலாயாவை வைத்து நாவல் எழுதி, 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசையும் வாங்கிக்கொண்டார். துரையின் கதைக்குப் பரிசும் உண்டு, புத்தகமும் உண்டு. இந்த வாரம் நாம் பார்க்கப்போகிறவனுக்கு இரண்டும் கிடையாது. அவன் தோட்டத்துக் காற்பந்துக் குழுவில் பேக் ஆடிய பையன். வயது பதினேழு, பதினெட்டு இருக்கும். தோட்டத் திடலை விட்டு மாநில அளவில் ஒரு பருவம், ஒரே ஒரு முதல் பருவம், ஆடிப்பார்க்க அவனுக்கு எது வழிவிட்டது, எது மறித்தது?

தோட்டத் திடல் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில், லயத்து வீடுகளுக்கு எதிரே கிடந்த வெட்டவெளிதான் அது. ஒரு பக்கம் சரிவு, இன்னொரு பக்கம் கால்வாய். பகலில் மாடு மேயும், திருவிழாவுக்குக் கொட்டகை போடுவார்கள், தீபாவளிக்குச் சாக்கு ஓட்டமும் கயிறு இழுத்தலும் நடக்கும். மற்ற நாளெல்லாம் காற்பந்து. கோல் கம்பம் காட்டுக் கம்பு, வலை கிடையாது. பந்து உள்ளே போனதா, கம்பத்துக்கு வெளியே போனதா என்று ஞாயிற்றுக்கிழமை கிளம்பிய வழக்கு புதன்கிழமை வரை பால் கொட்டகையில் ஓடும்.

துரைமார் திடலை ஏன் ஆதரித்தார்கள்? உழைப்பாளியின் உடம்பு தேறட்டும் என்ற நல்லெண்ணம் கொஞ்சம் இருந்திருக்கலாம். பந்தை உதைத்துக்கொண்டிருக்கிறவன் அந்த நேரத்தில் கூட்டம் போட்டுச் சங்கம் பேசமாட்டான் என்ற கணக்குதான் கூடுதல் என்பது என் எண்ணம். கள்ளைக் குறைக்கத்தான் விளையாட்டு என்று சொன்னவர்களும் உண்டு. ஆனால் கள்ளுக்கடையை நடத்தியதே தோட்டம்தானே!

ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவனின் நாள் காற்பந்துக்குத் தோதானது என்பதையும் சொல்லவேண்டும். விடியுமுன் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. கிராணி பெயர் வாசித்து முடித்ததும் நிரைக்கு, அதாவது தன் மர வரிசைக்குப் போனால் நானூறு, ஐந்நூறு மரம். வெட்டி முடித்து, பால் இறங்கும்வரை காத்திருந்து, மங்கு மங்காக வாளியில் ஊற்றி, காண்டா வாளியைத் தோளில் போட்டுக்கொண்டு கொட்டகைக்கு வந்து நிறுத்துக் கொடுத்தால் பிற்பகல் வீட்டில் இருக்கலாம். இருட்டுவதற்குள் திடலில் மூன்று மணி நேரம் கிடைக்கும். மழை பிடித்துக்கொண்டால் வெட்டு இல்லை, சம்பளம் இல்லை, ஆட்டமும் இல்லை. பிப்ரவரி, மார்ச்சில் மரம் இலையுதிர்த்துப் பால் வற்றும் நாட்களில் கையில் காசு குறைவு, காலுக்கு ஓய்வு கூடுதல்.

பேக் இடத்துக்கு யாரை நிறுத்துவார்கள்? காண்டா வாளி தூக்கித் தோள் இறுகியவனைத்தான். வேகக்காரன் ஓரத்தில் ஓடுவான், தந்திரக்காரன் நடுவில் நிற்பான், இரண்டும் இல்லாவிட்டாலும் அசையாதவன் பின்னால் போவான். கேட்க எளிதாக இருக்கிறது. வெறுங்காலோடு ஆடுகிற பேக், பூட்ஸ் போட்டு வருகிறவனோடு நேருக்கு நேர் மோதினால் மறுநாள் நிரைக்குப் போகமுடியாது. நகம் பெயர்ந்த காலோடு ஐந்நூறு மரம் சுற்ற யாரால் முடியும்? ஆகவே அவன் பந்தின்மேல் பாயமாட்டான். உடம்பைச் சற்றே சாய்த்து, எதிராளிக்குத் திடலின் நடுப்பக்கத்தை அடைத்து, கால்வாய் ஓரத்தை மட்டும் திறந்து வைப்பான். வருகிறவன் அந்த ஓரமாகவே ஓடுவான். சரிவில் பந்து தானாக வேகம் எடுக்கும். மழையில் ஊறிய தோல் பந்து கல் மாதிரி கனக்கும், அதை நிறுத்தித் திருப்புவதற்குள் கால்வாய் வந்துவிடும். பந்து தண்ணீரில், வீசும் உரிமை பேக்குக்கு. அடிக்காமல், விழாமல், தன் நிழலைக்கூட எதிராளிமேல் போடாமல் காரியத்தை முடித்துவிடுவான்.

வெளியுலகில் 1920களில் பேக்கின் வேலையே மாறிக்கொண்டிருந்தது. 1925இல் ஆஃப்சைட் விதியைத் திருத்தினார்கள். முன்னேறி நிற்பவனுக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியினர் மூவர் இருந்தாகவேண்டும் என்பது போய், இருவர் போதும் என்றானது. கோல்கள் கொட்டத் தொடங்கின. இங்கிலாந்தில் ஆர்சனல் குழுவின் ஹெர்பர்ட் சாப்மன், நடு ஆட்டக்காரரைப் பின்னுக்கு இழுத்து இரண்டு பேக்குகளுக்கு நடுவில் நிறுத்தினார். ஸ்டாப்பர் பிறந்த கதை இதுதான். வெறுங்காலைப் பற்றியும் ஒரு வார்த்தை: 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சோடு மோதிய இந்தியக் குழுவில் பெரும்பாலோர் வெறுங்காலோடுதான் ஆடினார்கள். நாகர் இனத்தவரான தாலிமெரன் ஆவ் தலைவர். 1–2 என்று தோற்றாலும், ஆட்டம் அவர்கள் பக்கம்தான் இருந்தது என்று பார்த்தவர்கள் பேசிக்கொண்டார்கள்.

இனி, பையன் தன் தோட்டத்தை விட்டு வெளியே ஆடப்போகவேண்டும். ரிவர்சைடுக்கோ ராஜா மூசாவுக்கோ பத்தாங் பெர்ஜுந்தைக்கோ மண் சாலையில் சைக்கிள்தான். இங்கேதான் 1941 வருகிறது.

அந்த ஆண்டு மார்ச்சில் கிள்ளான் பக்கத்துத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டது. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் முன்னால் நின்றார். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி, கள்ளுக்கடைகளை மூடவேண்டும், பெண்களிடம் முறைகேடு கூடாது என்று கோரிக்கைகள் நீண்டன. அவற்றுள் இரண்டை விளையாட்டுக்காரன் கண்ணால் படித்துப் பாருங்கள். ஒன்று, துரையையோ அவருடைய சிப்பந்திகளையோ எதிரில் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கவேண்டும். இன்னொன்று, உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக வேண்டும். அதாவது அதுவரை, பக்கத்துத் தோட்டத்துப் பதினோரு பேர் பந்தாட உள்ளே நுழைவதே துரையின் தயவில்தான். ஆட்டம் முடிந்து களைத்துத் திரும்புகிறவன் வழியில் துரையின் காரைக் கண்டால் இறங்கி ஒதுங்கி நிற்கவேண்டும். திடலில் எவனுக்கும் வழிவிடாத பேக், சாலையில் இறங்கி வழிவிட்டான்.

மே 5ஆம் தேதி நாதனைக் கைது செய்து, பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். சிலாங்கூரில் அவசரநிலை அறிவித்தார்கள், இராணுவம் இறங்கியது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் மாண்டனர். அந்த ஆண்டு டிசம்பரிலேயே ஜப்பானியர் வந்துவிட்டார்கள். அடுத்து அவர்கள் போட்ட சயாம்–பர்மா ரயில் பாதை. 415 கிலோமீட்டர். கால் வலுத்த வாலிபர்களைத்தான் முதலில் கொண்டுபோனார்கள், போனவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. போர் முடிந்து மூச்சு விடுவதற்குள் 1948இல் மீண்டும் அவசரகாலம். ஊரடங்கும் முள்வேலியும் வட சிலாங்கூர் தோட்டங்களின் மாலை நேரத்தைச் சுருக்கிப்போட்டன. அவ்வாண்டு டிசம்பரில் பத்தாங் காலிக்கு அருகில் 24 சீனத் தொழிலாளர்களைப் பிரிட்டிஷ் படையினர் சுட்டுக்கொன்ற இடமும் ஒரு ரப்பர்த் தோட்டம்தான். அந்தப் பக்கத்தில் பொழுது சாய்ந்த பின் எந்தப் பெற்றோர் பிள்ளையைத் திடலுக்கு விடுவார்கள்?

சுதந்திரத்துக்குப் பிறகு கதை வேறு. சிலாங்கூர் என்றாலே காற்பந்து என்றிருந்த காலம். மலாயா என்ற போர்க்கப்பலின் மாலுமிகள் கொடுத்த கிண்ணத்துக்கு 1921இல் தொடங்கிய போட்டியே பின்னாளில் மலேசியக் கிண்ணம் ஆனது. அதை அதிக முறை தூக்கியது சிலாங்கூர். 1967இல் பாங்காக்கில் நடந்த முதல் ஆசியக் கழகப் போட்டியில் இறுதிவரை போய் ஹாப்போயல் தெல் அவிவிடம் 1–2 என்று தோற்றதும் சிலாங்கூர்தான். தேசியக் குழு 1971இல் சோலில் தென்கொரியாவை வீழ்த்தி 1972 மியூனிக் ஒலிம்பிக்குக்குப் போனது. அங்கே மேற்கு ஜெர்மனியிடம் 0–3, அமெரிக்காவை 3–0, மொரோக்கோவிடம் 0–6. அந்தத் தற்காப்பு வரிசையில் எம். சந்திரன் இருந்தார், மலாக்காக்காரர் சோ சின் ஆன் இருந்தார். பின்னால் சோ சின் ஆனுக்கு இணையாகச் செத்தாப்பாக்கில் பிறந்த சந்தோக் சிங் நின்றார். இருவருக்கும் பின்னால் கோலில் போர்ட் கிள்ளான் ஆர். ஆறுமுகம். நீண்ட கைகளால் அவருக்கு ஸ்பைடர்மேன் என்று பெயர். 1980இல் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2–1 என்று வென்று மாஸ்கோவுக்குத் தகுதி பெற்றவர்கள் இவர்களே. ஆப்கானிஸ்தான் விவகாரத்தில் மலேசியா புறக்கணித்ததால் போகமுடியவில்லை. ஆறுமுகம் 1988இல் சாலை விபத்தில் இறந்தார்.

போர்ட் கிள்ளான், செத்தாப்பாக். துறைமுகம், நகரத்து ஓரம். தமிழனும் சீக்கியனும் குழுவில் உண்டு. கோலசிலாங்கூரில் இருந்து ரவாங் வரை அத்தனை திடல்களில் வளர்ந்த பேக்குகள் ஏன் அந்த வரிசைக்கு எளிதில் வந்துசேரவில்லை?

திறமையைக் காரணம் சொல்வது சோம்பேறித்தனம். இரண்டு வாசல்கள் இருந்தன. முதல் வாசல் பள்ளிக்கூடம். மாநில இளைஞர்களுக்கான பர்ன்லி கிண்ணக் குழுவுக்கு ஆள் எடுக்கிறவர்கள் நகரத்து இடைநிலைப் பள்ளிகளின் ஆட்டத்தைத்தான் பார்ப்பார்கள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்தவனுக்கு 1964 வரை ஒரு தேர்வு இருந்தது. தேறாதவன் பன்னிரண்டு வயதில் படிப்பை முடித்துக்கொண்டான். அந்தத் தேர்வு போன பிறகும் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்குப் புகுமுக வகுப்பு என்று ஓராண்டு கூடுதல். அதைத் தாண்டி இடைநிலைப் பள்ளிக்குப் போனாலும் மதியம் தோட்டத்துக்குத் திரும்பும் பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். பள்ளிக் குழுவின் பயிற்சியோ மாலையில். பஸ்ஸா, பந்தா?

இரண்டாவது வாசல் வேலை. 1989இல் அரைத் தொழில்முறை லீக் வரும்வரை, ஆட்டக்காரன் என்றால் எங்கோ சம்பளம் வாங்குகிறவன். ரயில்வே, மின்சார வாரியம், போலீஸ், இராணுவம், வங்கி என்று ஏதோ ஒரு குழு அவனுக்கு வேலை கொடுத்து ஆடவிடும். தோட்டத்துப் பையனுக்கும் வேலை உண்டு. ஆனால் அந்த வேலையோடு வீடும் ஒட்டியிருந்தது. லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம், தோட்டத்தில் வேலை செய்கிறவரைதான் குடியிருக்கலாம். அப்பாவுக்கு வயதாகிறது, தங்கைக்குப் பன்னிரண்டு வயது என்றால், பெரட்டில் நிற்க வேண்டிய அடுத்த பெயர் மூத்த மகனுடையது. கோலாலம்பூரில் ஒரு பருவம் முயன்று பார்க்கிறேன் என்று அவன் கிளம்பினால் குடும்பத்துக் கூரையையும் பணயம் வைத்துத்தான் கிளம்பவேண்டும். வாரத்தில் இரண்டு மாலைப் பயிற்சிக்காக எந்தத் தாய் அதற்குச் சம்மதிப்பாள்? சம்மதித்த தாய்மாரும் இருந்தார்கள் என்றே நம்புகிறேன்.

1969க்குப் பிறகு திடலின் பாதி ஆட்டமே கலைந்தது. குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு என்ற சட்டம் வந்ததும், தோட்டங்களை விட்டுத் தமிழ்நாட்டுக்குக் கப்பலேறியவர்கள் ஏறத்தாழ 60,000 பேர். அண்ணனுக்குக் குடிமகனின் நீல அடையாள அட்டை, தம்பிக்குக் குடியுரிமை இல்லாதவனின் சிவப்பு அட்டை என்றிருந்த வீடுகள் உண்டு. வலப்பக்க பேக் ரஜுலா கப்பலில் போய்விட்டான் என்றால், அடுத்த ஞாயிறு அந்த இடத்தில் பதினைந்து வயதுத் தம்பி நிற்பான்.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை நிறைந்தது. செம்பனைக்கு அத்தனை கை தேவையில்லை, பெரட்டில் வாசிக்கும் பெயர்ப்பட்டியல் சுருங்கியது. மேரி, மின்யாக், நைஜல் கார்டனர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி என்ற ஐந்து தோட்டங்கள் 1990களில் மேம்பாட்டுக்காகக் கைமாறின. அங்கிருந்து வெளியேறிய குடும்பங்கள் சொந்த வீட்டுக்காகப் பட்ட பாடு தனிக் கதை, அதற்கு இரண்டு வாரம் வேண்டும். பதினோரு வாலிபர்களை ஓரிடத்தில் சேர்க்கத் தோட்டமே இல்லை என்றால் குழுவுக்கு எங்கே போவது?

இந்தியப் பிள்ளைகளுக்கென்று ஒரு குழு கட்டி லீக்கில் இறக்கவேண்டும் என்ற முயற்சி அதற்கு வெகுகாலம் பின்னால் வந்தது. மிஃபா எனப்படும் மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் குழு, 2017இல் பிரீமியர் லீக்கில் ஆடியது. 2019இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரோடு சூப்பர் லீக்குக்கே ஏறியது. பி. மணியம் பயிற்சியில் 2021இல் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல் முழுக்க உள்நாட்டுப் பிள்ளைகளை வைத்து அந்தக் குழு ஒரு பருவம் ஆடியதை நான் பெரிய விஷயமாகவே நினைக்கிறேன். மற்ற குழுக்கள் தற்காப்பின் நடுவிலும் தாக்குதலின் முனையிலும் வெளிநாட்டவரை நிறுத்தியபோது, இங்கே ஸ்டாப்பர் இடத்தில் நம் ஊர்ப் பையனே நின்று அடி வாங்கிப் பழகினான். 2022 பருவத்தோடு அந்தக் குழு சூப்பர் லீக்கை விட்டு விலகியது. ஆடிக்கொண்டிருந்தவர்கள் வேறு குழுக்களைத் தேடிப் போனார்கள்.

தோட்டங்கள் துண்டு துண்டாக விற்பனையானபோது, தொழிலாளிகளே பங்கு போட்டுத் தோட்டம் வாங்கலாம் என்று துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)