வளையம் வைத்த வெள்ளி ரூபாய்: கெய்ன்சின் வாதமும் ஒரு காசின் சான்றும்

வளையம் வைத்து மாலையாகக் கோத்த பழைய வெள்ளி ரூபாய்களை நாணயச் சேகரிப்பாளர்களில் பெரும்பாலோர் ஒதுக்கிவிடுகிறார்கள். விளிம்பில் பற்றவைப்புப் பொடி வைத்து ஊதிய தடம் தெரிந்தால் வெள்ளி விலைதான் கிடைக்கும். அரிய ஆண்டாக இருந்தால் சற்றுக் கூடும். நகையை நகையாகவே வாங்கிப் பாதுகாப்பவர்கள் சிலரே. ஒதுக்குபவர்களின் பார்வையில், நகையானதும் காசின் வரலாறு முடிந்துவிடுகிறது. இந்தப் பார்வைக்குப் பொருளியலிலும் ஒரு வலுவான துணை உண்டு: ஜான் மேனார்ட் கெய்ன்ஸ்.

இந்திய நாணய முறையைப் பற்றி 1913ல் வெளியிட்ட நூலில், இந்தியா தன் வளத்தில் மிகையான பங்கை விலையுயர்ந்த உலோகங்களைத் தேவையில்லாமல் குவிப்பதில் வீணாக்குகிறது என்றார் கெய்ன்ஸ். லண்டன் இந்தியா ஆபீசில் பணியாற்றிய அவர் இந்தியாவுக்கு வந்ததில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. ரூபாயின் இயக்கத்தை அவரளவுக்குத் தெளிவாக விளக்கியவர்கள் அக்காலத்தில் குறைவு. ஆனால் அவர் வாசிப்பில் புதைத்த வெள்ளி, உருக்கிச் செய்த கொலுசு, கழுத்தில் தொங்கும் ரூபாய் எல்லாம் ஒரே குவியலாகிவிடுகின்றன. இவற்றில் கடைசியானது வேறு வகை என்பதே என் வாதம்.

1893 ஜூன் வரை நாணயச்சாலை பொதுமக்களுக்குத் திறந்திருந்தது. வெள்ளியைக் கொடுத்து, கட்டணம் போக ரூபாயாகப் பெறலாம். 1876–78 பஞ்சத்தில் வெள்ளி நகைகள் பெருமளவில் மும்பை நாணயச்சாலைக்கு வந்தது இப்படித்தான். வீணாகக் கிடந்ததாகச் சொல்லப்படும் நகை அன்று அரிசி வாங்கியது. 1893ல் அந்த வழி அடைபட்டது. நூற்றாண்டின் முடிவில் ஒரு ரூபாயிலிருந்த வெள்ளி, சந்தை விலையில் ஏறக்குறைய பத்து அணாதான் பெறும். உருக்கிச் செய்த நகையை விற்றால் அந்த விலைதான். உருக்காமல் வளையம் மட்டும் வைத்த ரூபாயோ, வளையத்தைக் கழற்றினால் முழு ரூபாயாக, பதினாறு அணாவுக்கும் செல்லக்கூடும். அப்படியானால் 1893க்குப் பின் காசை முழுதாக வைத்து அணிவது கணக்குத் தெரிந்தவர்களின் செயல்.

சட்டம் இதற்கு இடங்கொடுக்கவில்லை என்று மறுக்கலாம். 1906ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி, எடையில் நூற்றுக்கு இரண்டுக்கு மேல் குறைந்த ரூபாயும் சிதைக்கப்பட்ட ரூபாயும் செல்லாது. ஆனால் கருவூலத்தில் செல்லாதது சந்தையிலும் செல்லவில்லை என்று எப்படி முடிவு கட்டுவது? இதற்கு ஏட்டுச் சான்று தேடுவதைவிடக் காசையே பார்க்கலாம்.

என்னிடமுள்ள ஒரு மாலையில், 1862 என்று பொறித்த விக்டோரியா ரூபாய் ஒன்று இருக்கிறது. ராணியின் தலைக்கு நேர் மேலே வளையம். வலப்பக்க விளிம்பில், கடிகாரத்தில் மூன்று இருக்கும் இடத்தில், இன்னொரு வடு. அங்கே முன்பு ஒரு வளையம் இருந்து கழற்றப்பட்டிருக்கிறது. பொடியின் மிச்சம் மஞ்சள் பாய்ந்து தெரிகிறது. அதன்மேல் அரம் போட்டு விளிம்போடு சமமாக்கியிருக்கிறார்கள். அரத்தின் கீறல்கள் ஏறக்குறைய அழிந்துவிட்டன. உருக்கப் போகிறவர் இவ்வளவு சிரத்தையாக ஏன் அராவ வேண்டும்? காசைச் சோதித்து வாங்கும் சராப்பின் கண்ணுக்குத் தப்ப வேண்டும் என்பவருக்குத்தான் அந்த வேலை தேவை. எனவே இந்த ரூபாய் நகையாகி, மறுபடி காசாகிக் கைமாறி, பிறகு இரண்டாம் முறை நகையானது என்று கொள்கிறேன்.

முதல் வளையம் தளர்ந்ததால் ஆசாரி இடம் மாற்றி வைத்திருக்கலாம், பக்கத்துக் காசோடு உரசிக் கீறல் அழிந்திருக்கலாம் என்பது எதிர்வாதம். அப்படி உரசியிருந்தால் இரண்டு பக்கமும் தட்டையான தேய்மானம் விழுந்திருக்க வேண்டும். இடப்பக்கத்தில் விளிம்பு வரிகள் தெளிவாகவே நிற்கின்றன. ஒற்றைக் காசை வைத்து இதற்குமேல் அழுத்திச் சொல்ல முடியாது என்பதும் உண்மை.

காலம்தான் சிக்கல். 1862 என்ற பொறிப்பை நம்ப முடியாது. அதே ஆண்டைத் தாங்கிய ரூபாய்களை 1874 வரை அடித்தார்கள். ஆண்டுக்குக் கீழுள்ள புள்ளிகள் உண்மையான ஆண்டைக் காட்டுவதாகச் சேகரிப்பாளர்கள் கொள்கிறார்கள். இந்தக் காசில் அந்த இடம் தேய்ந்துவிட்டது. மாலையில் ஆகப் பிந்திய காசு 1907ஆம் ஆண்டு எட்வர்டு ரூபாய்; ஆனால் மாலையில் காசைப் பின்னால் சேர்ப்பதும் உண்டு. முதல் வளையம் கழற்றப்பட்டது 1893க்கு முன்பானால், வெள்ளி விலையும் ரூபாய் மதிப்பும் இவ்வளவு விலகியிராத காலம் அது. என் வாதத்துக்கு இந்தக் காசால் பயன் குறைவு. பின்பானால் கெய்ன்சுக்கு நேர் மறுப்பு. பின்னதே பொருத்தம் என்பது என் கருத்து. நிறுவப்பட்டது என்று சொல்லமாட்டேன்.

வெள்ளி விலை ஏறிய உலகப் போர்க் காலத்தில், 1917ல், காசை உருக்குவதையே அரசு தடை செய்தது. அதன் பிறகு வந்த மாலைகளைத் தனியாகத்தான் ஆராய வேண்டும்.

சேகரிப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். இத்தகைய மாலை கைக்கு வந்தால் வளையத்தை வெட்டி, விளிம்பை மெருகிட்டு, நல்ல காசுகளைப் பிரித்தெடுத்து விற்றுவிடாதீர்கள். எந்தக் காசுக்குப் பக்கத்தில் எது கோக்கப்பட்டிருந்தது, பழைய வடு எங்கே இருக்கிறது என்று விளிம்பு தெரியப் படம் எடுத்துக் குறித்து வையுங்கள். என் காசைப் போல இரட்டை வடு உள்ளவை இன்னும் சில கிடைத்தால், ஆண்டுச் சிக்கலைத் தீர்க்க வழி பிறக்கும்.